மூன்று மூன்றாகத் தட்டினீர்கள்

என் பிரியமுள்ள லோகா அக்கா,

மழை பிடித்துக்கொண்டது. நேற்று காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆபீஸ் வேலையை முடித்து ரயில் ஏறும்போது வெறும் தூறல்தான். பெருங்களத்தூரில் இறங்குவதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் மூட்டை முடிச்சோடு நனைந்துகொண்டு நின்றது. ஷேர் ஆட்டோ கிடைக்காமல் பாதி தூரம் நடந்தே வந்தேன். வழியெல்லாம் உங்கள் ஞாபகம்தான்.

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. சித்திரை வெயிலில், ஒரு பொட்டுத் தூறல் இல்லாத நாளில் போனீர்கள். மழைக்கு அவ்வளவு பயந்தவர் மழை இல்லாத நாளாகப் பார்த்துப் போனாரே என்று அன்றைக்கு எனக்கு ஓர் அற்ப நிம்மதி இருந்தது. இன்றைக்கு அந்த நிம்மதி இல்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எழுதி முடித்ததும் இதைக் கீழே மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில், நம் பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவான அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். விஜிக்கு நோட்டீஸ் ஒட்டுவதென்றால் உயிர் என்று நீங்களே எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறீர்கள். மோட்டார் போடுகிற நேரம், செருப்பு விடுகிற இடம், மாடியில் வடகம் காயவைக்கிற முறை என்று எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் ஒட்டிய அசோசியேஷன் செக்ரட்டரி நான். என்னைப் பற்றி மட்டும் ஒன்றும் ஒட்டியதில்லை. இது அந்த நோட்டீஸ்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் லோகநாயகி, கீழ் வீட்டுக் குமரேசன் அண்ணாவின் மனைவி. நான் உங்களுக்கு நேர் மேல் வீடு. இந்தக் கட்டடம் நிற்கிற மண்ணே அண்ணாவின் அப்பா நெல் விளைத்த நிலம். அதை பில்டருக்குக் கொடுத்துவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கிக்கொண்டீர்கள். நீங்கள் பிறந்தது கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்தில். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள், அம்மா மீன் விற்றவர். குமரேசன் அண்ணாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு முடிச்சூர் வந்து சேர்ந்தீர்கள்.

அலையில் விளையாடி வளர்ந்தவளுக்கு மழையைப் பார்த்தால் பயமா என்று எல்லாரும் உங்களைச் சீண்டுவோம். நீங்கள் சிரிக்காமல் பதில் சொல்வீர்கள். "கடல் தண்ணி வரும், போவும். இது இன்னாடான்னா வூட்டுக்குள்ள வந்து குந்திகினு போவ மாட்டேன்னுது."

அந்தக் கார்த்திகை வெள்ளத்தை நம் தெருவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விடியற்காலையில் குமரேசன் அண்ணா, பெருங்களத்தூரில் இருக்கிற தன் கடையில் சிமெண்ட் மூட்டைகளை உயரத்தில் ஏற்றி வைக்கப் போனார். அவர் போன ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்கத் தண்ணீர். அவரால் திரும்ப முடியவில்லை. நீங்கள் சமையலறையில் இருந்தீர்கள். ஃப்ரிட்ஜ் மிதந்து வந்து கதவுக்குக் குறுக்கே சாய்ந்துகொண்டது. அடுப்பு மேடை மேல் ஏறி நின்றீர்கள். அங்கேயும் இடுப்பு வரை தண்ணீர் வந்துவிட்டது.

கைக்கு அகப்பட்டது ஒட்டடைக் குச்சி. அதால் மேலே சீலிங்கைத் தட்டினீர்கள். உங்கள் அண்ணன் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு தாம்பரம் வரை வந்து, அங்கிருந்து தள்ளிக்கொண்டும் துடுப்புப் போட்டுக்கொண்டும் நம் தெருவைக் கண்டுபிடித்து, ஜன்னல் கம்பியைப் பெயர்த்து உங்களை வெளியே எடுத்தபோது மதியம் ஆகிவிட்டது. இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். நீங்களே நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

மேல் வீட்டில் நடந்ததை யாரும் சொன்னதில்லை.

என் கணவர் அப்போது வேலையாக ஓசூர் போயிருந்தார். நானும் தீபாவும் மட்டும். அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் பழுப்புத் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிச் சான்றிதழ்களையும் நகையையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு மொட்டை மாடிக்குக் கிளம்பினோம். சமையலறையைத் தாண்டும்போது தீபா நின்றாள்.

"அம்மா, கீழ யாரோ தட்டுறாங்க."

நான் போய் அந்த இடத்தில் நின்றேன். காலுக்கு அடியில் தரை லேசாக அதிர்ந்தது. மூன்று முறை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று முறை.

"சாமான் மிதந்து இடிக்குது. வா மேல," என்றேன்.

மிதக்கிற சாமான் மூன்று மூன்றாக எண்ணியா இடிக்கும், அக்கா? எனக்குத் தெரியாதா? தெரிந்தது. நீங்கள் அதிகாலையிலேயே அண்ணாவோடு போயிருப்பீர்கள், கல்யாண மண்டபத்து வெள்ள முகாமில் இருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது, கையில் பிள்ளை வேறு. கீழே இறங்கியிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் குரல் கொடுத்திருக்கலாம். தரையில் காலால் ஓர் உதை உதைத்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. பத்து மணி சுமாருக்கு, எதிர் வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போக ஒரு படகு வந்தது. படகுக்காரர் நம் மொட்டை மாடியைப் பார்த்துக் கையைக் குவித்துக் கேட்டார்: "கீழ யாராச்சும் மாட்டிகினு கீறாங்களா?" எல்லாரும் இல்லை என்று தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் தலையாட்டினேன்.

ஏன் என்று பல வருஷமாக என்னையே கேட்டிருக்கிறேன். தட்டல் கேட்டு அதற்குள் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இப்போது வாயைத் திறந்தால், இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பயத்துக்கு விலையாக நீங்கள் இன்னும் இரண்டு மணி நேரம் தண்ணீரில் நின்றீர்கள்.

வெள்ளம் வடிந்தது. சேறு வாரினோம், பாம்பு அடித்தோம், ஊறிப்போன மெத்தைகளைத் தெருவில் குவித்தோம். ஆறேழு மாதத்தில் எல்லாரும் பழையபடி ஆகிவிட்டோம் என்று நினைத்தோம். நீங்கள் ஆகவில்லை. ஐப்பசி வந்தால் அரிசிப் பானையிலிருந்து ரேஷன் கார்டு வரை பரணுக்குப் போய்விடும். வானம் கறுத்தால் ஜன்னலோரம் நின்றுவிடுவீர்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்காது. ஒரு மழைக்காலம் முழுக்க நைட்டிக்குள் செருப்பைச் செருகி வைத்துக்கொண்டு திரிந்தீர்கள், ஓட வேண்டி வந்தால் தேட வேண்டாம் என்று.

நாங்கள் உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து என்னவெல்லாம் செய்தோம் தெரியுமா? உங்கள் முன்னால் மழைப் பேச்சை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். நீங்கள் வெள்ளத்தைப் பற்றி ஆரம்பித்தால் சீரியலுக்கோ வத்தக்குழம்புக்கோ பேச்சை மாற்றுவோம். "அதையே நினைச்சிட்டு இருக்காதீங்க அக்கா" என்று எத்தனை முறை சொன்னேன். படிக்கட்டுச் சுவரில் தண்ணீர் ஏறிய கறை ஒரு கோடாக இருந்தது. அதை அடிக்காமல் விடச் சொன்னீர்கள். அதைப் பார்த்தால்தான் உங்களுக்குப் பயம் என்று சொல்லி இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்து மூடினேன். அந்தச் சுவரை நீங்கள் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் வாட்ஸப் குரூப். உங்களுக்குத் தட்டச்சு வராது, பேசி அனுப்புவீர்கள். மழை வந்தால் ஒரு நாளைக்கு ஏழெட்டு. ஏரி திறந்துட்டாங்களாம், கீழ் வீட்டுக்காரங்க சாமானத் தூக்கி வையுங்க, வண்டியை மேட்டுல வையுங்க. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிஷம் ஓடும். யாரும் பத்து விநாடிக்கு மேல் கேட்கவில்லை. பிறகு அதையும் கேட்கவில்லை.

அசோசியேஷன் கூட்டத்தில் பேச்சு வந்தது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் உங்கள் பேச்சைக் கேட்டுப் பயந்து போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்: குரூப்பில் இல்லாவிட்டால் அவருக்கும் மழைச் செய்தி போகாது, மனசுக்கு அமைதியாக இருக்கும். எல்லாரும் அட்மினான என்னைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே உங்களை நீக்கினேன். உங்கள் மாமனார் நிலத்தில் கட்டிய கட்டடத்தின் குரூப்பிலிருந்து உங்களை நீக்கினேன்.

அக்கறை என்று நானும் சொல்லிக்கொண்டேன். என் காரணம் வேறு. உங்கள் ஒவ்வொரு மெசேஜும் போனில் வந்து விழும்போது என் காலுக்கு அடியில் மூன்று முறை அதிரும். அது நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அதே மாதம் சமையலறைக்கும் ஹாலுக்கும் தடிமனான ரப்பர் மேட் வாங்கிப் போட்டேன். முழங்கால் வலி என்று எல்லாரிடமும் சொன்னேன். கீழே இருந்து எதுவும் என் பாதத்துக்கு வரக் கூடாது என்றுதான் போட்டேன்.

நீக்கிய மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தில் சுறாப் புட்டோடு மேலே வந்தீர்கள்.

"இன்னா விஜி, குரூப்ல ஒண்ணியும் வர்ல எனக்கு?"

போனில் ஏதோ கோளாறாக இருக்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள். "அப்டியா. செரி, வுடு. சூடு ஆறதுக்குள்ள துன்னு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். கிண்ணத்தைக் கழுவி உங்கள் வாசலில் வைத்து, பெல்லை அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் படியேறி ஓடி வந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் மேலே வரவே இல்லை.

பிறகு நடந்தது எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பிரஷர் மாத்திரை கூடியது, வெளியே வருவது குறைந்தது, கடைசியில் நெஞ்சு வலி. டாக்டர் எழுதிக் கொடுத்த தாளில் இதயம் என்று இருந்தது. குரூப்பிலிருந்து நீக்கியதால் போனீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் கடைசி இரண்டு மழைக்காலத்தை நீங்கள் தனியாகக் கழித்தீர்கள். அந்தத் தனிமையில் என் கை இருக்கிறது.

இப்போது என் கதை. நீங்கள் போன அடுத்த ஆடியில் குமரேசன் அண்ணா கீழே ஆணி அடித்தார். உங்கள் படத்தை மாட்டத்தான். நான் மேலே பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மேட்டையும் மீறி அந்தச் சத்தம் காலில் ஏறியது. பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வந்துகொண்டிருக்கிறது, என்னால் கையை நீட்டிக் குமிழைத் திருப்ப முடியவில்லை. தீபா ஓடி வந்து திருப்பினாள். நான் நைட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேனாம். தரை காய்ந்து கிடக்கிறது, நான் தண்ணீரில் நிற்பவள் போல நின்றிருக்கிறேன்.

தீபா இப்போது வேலைக்குப் போகிறாள், அக்கா. உங்கள் கையால் நெத்திலி வறுவல் தின்றவள் என்னை மிரட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அடுத்த வாரமே தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பைத்தியக்கார டாக்டரிடம் எனக்கென்ன வேலை என்று ஆட்டோவில் போகும்போதெல்லாம் சண்டை போட்டேன். என் வயசுதான் அந்த அம்மாவுக்கு. சாதாரணமாகத்தான் கேட்டார்: "அந்த நாள்ல உங்களுக்கு என்ன சத்தம் கேட்டுச்சு?"

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் தீபா சொல்லிவிட்டாள். "தட்டுற சத்தம். நானும் கேட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "பத்து வருஷமா நான் காதுல எதையாவது மாட்டிக்கிட்டுதான் தூங்கறேன். ஏன்னு ஒரு நாளாவது கேட்டியாம்மா?"

காது செவிடாகப் போகிறது என்று தினமும் அவளைத் திட்டியவள் நான். உங்களை மட்டும்தான் ஏமாற்றினேன் என்று நினைத்தேன், அக்கா. என் பிள்ளையை அந்தச் சத்தத்தோடு தனியாக விட்டுவிட்டு, நானும் ஒரு பக்கம் தனியாக இருந்திருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே தட்டலைக் கேட்டுக்கொண்டு, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல். கீழே நீங்கள் ஒருத்தி.

டாக்டர் பெரிதாக எதுவும் விளக்கவில்லை. அதே தண்ணீரில் நின்றவர்களில் சிலர் தேறிவிடுகிறார்கள், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகிறது என்றார். பட்ட அடியை மட்டும் வைத்து அது அமைவதில்லையாம். அடிபட்டதற்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இருந்ததா, சொல்ல விட்டார்களா, வாயை மூடச் சொன்னார்களா என்பதையும் பொறுத்ததாம். நான் அழுததெல்லாம் உங்கள் சுவரை நினைத்துத்தான். அந்தக் கோட்டைப் பார்த்தால், நடந்தது நிஜம் என்று உங்களுக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும். அதையும் அல்லவா மூடினேன்.

வீட்டுக்கு வந்து என் போனில் இருந்த உங்கள் பழைய மெசேஜ்களை எடுத்தேன். தீபாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் முறையாகக் கடைசி வரைக்கும் கேட்டோம். ஏரி, சாமான், வண்டி எல்லாம் முதல் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. பிறகு நீங்கள் மூச்சு வாங்குகிறீர்கள். மழைச் சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகு குரல் இறங்கி வருகிறது:

"மேல எல்லாரும் நல்லா கீறீங்களா? விஜி, கொயந்த ஸ்கூல்லேந்து வந்துச்சா? சத்தமே காணோமே. யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லுங்கப்பா. சும்மா, கீறேன்னு சொன்னா போதும்."

அத்தனை மெசேஜிலும் கடைசியில் இதுதான், அக்கா. வார்த்தை கொஞ்சம் மாறும், கேட்பது மாறாது. நீங்கள் எங்களைப் பயமுறுத்தவே இல்லை. ஒருத்தர் பதில் சொல்ல வேண்டும் என்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். நான் இரண்டாவது தடவையும் மாடிக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை குமரேசன் அண்ணாவிடம் போனேன். கடை திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி, தட்டல் கேட்டது, தீபாவிடம் பொய் சொன்னது, படகுக்காரரிடம் தலையாட்டியது, குரூப்பிலிருந்து நீக்கியது, போன் கோளாறு என்றது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பார், இல்லை வெளியே போகச் சொல்வார் என்று இருந்தேன். அவர் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியும்மா," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மேல நடக்கற சத்தம் நேரா அவ தலைக்கு மேல வந்து நின்னுச்சாம். கொஞ்ச நேரம் நின்னுட்டு அப்பால போயிடுச்சாம். வெள்ளத்தப்போ சேர்த்த ஆஸ்பத்திரிலயே எங்கிட்ட சொன்னா. எனக்குக் கோவம். சண்டைக்கு வரப் பார்த்தேன், அவதான் வுடல. கொயந்தைய வச்சிகினு அது எப்டி எறங்கி வரும், நீ மட்டும் இன்னா, மூட்டைய தூக்கப் போனியேன்னு என்னைக் கேட்டுட்டா."

சிமெண்ட் மூட்டைகளைப் பற்றி அவர் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. அன்றைக்குத்தான் பேசினார். நாற்பது மூட்டையும் கடைசியில் கல்லாகிவிட்டது என்று சொன்னார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

"எப்டிடி அவ்ளோ நேரம் நின்னேன்னு கேட்டேன். மேல ஒரு ஆள் கீதுன்னு தெரிஞ்சுது, அத்த புட்சிகினுதான் நின்னேன்னா."

நான் உங்களை விட்டுவிட்டுப் போன காலடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களா, அக்கா? நான் வெட்கப்பட்டு மறைத்த நிமிஷம் அது. அதையா நீங்கள் துணையாக வைத்துக்கொண்டீர்கள்?

அண்ணா இன்னும் ஒன்றும் சொன்னார். குரூப்பிலிருந்து போன பிறகு, மழை வந்தால் சமையலறையில் உட்கார்ந்து சீலிங்கையே பார்ப்பீர்களாம். விஜி தாளிக்கிறா, விஜி கூட்டுறா என்று காலடியை வைத்துச் சொல்வீர்களாம். ஒரு நாளிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லையாம். மேல ஆள் இல்லியான்னு அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னீர்களாம். அவர் படியேறி வந்து, என் வீட்டில் புது மேட் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து சொன்னாராம்.

அன்று மதியமே மேட்டுகளைச் சுருட்டிப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். படிக்கட்டுச் சுவரில் தீபா பெயிண்டைச் சுரண்டிக் கோட்டைத் தேடினாள். கிடைக்கவில்லை, பழைய போட்டோ ஒன்றைப் பார்த்து, நீலப் பெயிண்டில் அதே உயரத்தில் கோடு போட்டாள். வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர் ஒருவர் வந்து சத்தம் போட்டார். கட்டடத்தின் மதிப்பு போய்விடும் என்கிறார். போகட்டும். உங்கள் நம்பரை குரூப்பில் மறுபடி சேர்த்துவிட்டேன். அந்த போன் இப்போது அண்ணாவிடம் இருக்கிறது. யாருடைய மெசேஜாக இருந்தாலும் கடைசி வரை கேட்டுவிட்டு, கேட்டேன் என்று நான் ஒரு வரி போடுகிறேன். இரண்டு பேர் அதைப் பார்த்துத் தாங்களும் போட ஆரம்பித்திருக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் பழையபடிதான்.

தீபா சில நாள் காதில் எதுவும் மாட்டாமல் தூங்குகிறாள். சில நாள் முடியவில்லை. நான் மாதம் இரண்டு முறை டாக்டரிடம் போகிறேன், ஆட்டோவில் சண்டை போடுவதில்லை. ஒரே நாளில் சரியாகிற சமாசாரம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

நேற்றைக்கு வருகிறேன். தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் நுழைந்தேன். வானம் கிழிந்த மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. தலையைத் துவட்டி, நைட்டிக்கு மாறிக்கொண்டு சமையலறையில் டீக்குத் தண்ணீர் வைத்தேன். கீழே அண்ணா தனியாக இருப்பாரே, போய்ப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். காலுக்கு அடியில் அதிர்ந்தது. மூன்று முறை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று முறை.

உங்கள் ஒட்டடைக் குச்சி அக்கா, சந்தேகமே இல்லை. அதைத் தூக்கிப் போட நீங்கள் விடவில்லை என்று அண்ணா சொல்லியிருந்தார். கை தானாக நைட்டியைத் தூக்கப் போனது. தீபா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நின்ற அதே இடம்.

"அம்மா, கீழ தட்டுறாங்க," என்றாள்.

"ஆமாண்டி," என்றேன். வலது காலைத் தூக்கி, வெறுங்காலால் தரையில் ஓங்கி மூன்று முறை உதைத்தேன். பாதம் வலித்தது. தீபாவும் வந்து என் பக்கத்தில் நின்று உதைத்தாள். கீழே கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு தட்டல், மெதுவாக. டீயை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கீழே இறங்கிப் போனோம். அண்ணா குச்சியைக் கையில் பிடித்தபடியே கதவைத் திறந்தார்.

அக்கா, இனி இந்த வீட்டில் ரப்பர் மேட் விழாது. மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் வெறுங்காலோடு, கீழே கேட்கிற மாதிரி நடப்பேன். கீழே யார் குடியிருந்தாலும், எத்தனை முறை தட்டினாலும், பதில் உதைக்காமல் நகர மாட்டேன். உங்களுக்கு நான் தராத பதில் அது. இனி யார் தட்டினாலும் அதைத் தருவேன்.

மேலே ஆள் இருக்கிறேன், அக்கா.

உங்கள் தலைக்கு நேர் மேலே நின்றும் பேசாமல் போன,
உங்கள் மேல் வீட்டுத் தங்கை
விஜயா